கஞ்சமலை வலம்

சேலத்திலிருந்து சிவதாபுரம் வழியாக இளம்பிள்ளைக்குப் போகும் பேருந்தில் இடதுபக்கச் சன்னலோரம் உட்கார்ந்தால், வழியின் பெரும்பகுதி ஒரே மலைதான் கூட வரும். கிழமேலாக நீண்டு படுத்திருக்கும் கஞ்சமலை அது. உச்சி, கடல் மட்டத்துக்கு மேல் ஆயிரம் மீட்டருக்குச் சற்றுக் குறைவு. வடகிழக்கே தெரியும் சேர்வராயன் மலையைப் போல அகன்று பரந்த மலை இல்லை. சமவெளிக்கு நடுவே தனித்து நிற்கிறது. தனித்து நிற்கும் மலையை நம் ஊர்க்காரர்கள் சும்மா விடுவதில்லை, சுற்றி வந்து கும்பிடுவார்கள். கஞ்சமலைக்கும் பௌர்ணமி கிரிவலம் உண்டு, அமாவாசைக்குச் சித்தர் கோவில் கூட்டம் உண்டு, புரட்டாசிச் சனிக்கிழமைகளில் உச்சியிலுள்ள கரியபெருமாளைப் பார்க்க ஏறுகிறவர்கள் உண்டு.

ஐந்தாறு மணி நேரம் பிடிக்கும் இந்த நடையைக் கோவில்களுக்காக நடக்கலாம், பாறைக்காகவும் நடக்கலாம். இரண்டுக்காகவும் சேர்த்து நடப்பதுதான் எனக்குப் பிடித்தது. ஏனென்றால் இந்த வட்டத்தில் உள்ள தலங்கள் ஒவ்வொன்றும் அந்தப் பாறையோடு ஏதோ ஒரு விதத்தில் பின்னிக் கிடக்கின்றன. பாறை என்றால் சாதாரணப் பாறை இல்லை. மலை முழுக்க இரும்பு.

வலம் வரும்போது மலை வலக்கைப் பக்கம் இருக்க வேண்டும். இளம்பிள்ளை மலைக்கு மேற்கே இருப்பதால், ஊரை விட்டு வடக்கு நோக்கிச் சித்தர் கோவில் பக்கம் நடையைத் தொடங்க வேண்டும். விடிகாலையிலும் விசைத்தறிச் சத்தம் ஓயாத ஊர் இது. சேலை வாங்க எங்கெங்கிருந்தோ வியாபாரிகள் வந்து இறங்குகிறார்கள். கட்டுக்கட்டாகச் சேலை ஏற்றும் வண்டிகளைத் தாண்டி, தறிச்சத்தம் தேய்ந்துபோகும் இடத்தில் மலையடி ஓடைகள் குறுக்கிடத் தொடங்கும். பெரும்பாலும் வறண்ட ஓடைகள்தான். அங்கே நின்று குனிந்து பார்க்க வேண்டும்.

ஓடை மணலில் கறுப்புக் கறுப்பாக வரிகள் தெரியும். சாயமோ கரியோ சிந்திக் கிடக்கிறது என்று தோன்றும். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்றைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு அந்த மணலில் இழுத்துப் பாருங்கள். கறுப்புத்தூள் முள்முள்ளாக எழுந்து உறைமேல் ஒட்டிக்கொள்ளும். உறையை உதறிக் காந்தத்தை வெளியே எடுத்தால் தூள் மொத்தமும் கீழே கொட்டும். உறை இல்லாமல் இழுத்தவர்கள் அந்தத் தூளைக் காந்தத்திலிருந்து பிரிக்க அரைநாள் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

அந்தத் தூளின் பெயர் மாக்னடைட். மூன்று இரும்பு அணுவுக்கு நான்கு ஆக்சிஜன் அணு என்ற கணக்கில் சேர்ந்த தாது. எடையில் நூற்றுக்கு 72 பங்கு இரும்பு. மழை மலையை அரிக்கும்போது பாறையிலுள்ள எல்லாமே தூளாகி இறங்குகின்றன. வெள்ளைப் படிக மணல் இலேசானது, வெள்ளம் அதை அடித்துக்கொண்டு போய்விடும். மாக்னடைட் அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கனம், அதனால் ஓடை வளையும் இடங்களில், வேகம் குறையும் இடங்களில் தங்கிவிடும். சுரங்கமும் அரைக்கும் இயந்திரமும் இல்லாத காலத்தில் இந்த ஓடைகள்தான் தாதுவைப் பொடித்து, கழுவி, பிரித்து வைத்தன. பழைய இரும்பு உருக்கிகள் மலையை வெட்டப் போகவில்லை. மழைக்காலம் முடிந்ததும் ஓடைக்கு வந்து அள்ளிக்கொண்டு போனார்கள்.

பாதையோரம் உருண்டு கிடக்கும் கல் ஒன்றையும் எடுத்துப் பாருங்கள். வெளியே துருவேறிய செம்பழுப்பு. உடைந்த பக்கத்தில் கறுப்பும் வெளுப்பும் மாறி மாறி, நெல்மணிப் பருமன்கூட இல்லாத வரிகள். கறுப்பு மாக்னடைட், வெளுப்பு குவார்ட்ஸ் எனும் வெண்கல். கையில் வாங்கியதுமே அளவுக்கு மீறிய கனம் தெரியும். இந்த வரிகள் மலையின் பிறப்புச் சான்றிதழ். பூமியின் இளமையில் காற்றில் ஆக்சிஜன் இல்லை. கடலில் இரும்பு கரைந்தே கிடந்தது. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் பெருகி, ஒளியை உண்டு வாழ்ந்து ஆக்சிஜனை வெளிவிடத் தொடங்கிய பிறகு, கரைந்திருந்த இரும்பு ஆக்சிஜனோடு கூடித் துருவாகக் கடலடியில் படிந்தது. அதன்மேல் ஒரு படலம் சிலிக்கா, மறுபடி இரும்பு, மறுபடி சிலிக்கா என்று படிந்துகொண்டே போனது. இப்படி வரியிட்ட இரும்புப் பாறைகள் ஆஸ்திரேலியா, பிரேசில், ஒடிசா என்று உலகமெங்கும் இருக்கின்றன. பெரும்பாலானவை 200 கோடி ஆண்டுகளைத் தாண்டிய கிழங்கள். கஞ்சமலைக் கல் அந்தக் கூட்டத்திலும் மூத்த தலைமுறை.

சித்தர் கோவிலுக்கு வந்துவிட்டோம். மலையின் வடமேற்கு அடிவாரத்தில் சித்தேஸ்வர சுவாமி இருக்கிறார். அமாவாசை அன்று சேலம், நாமக்கல், ஈரோடு பக்கமிருந்து வரும் கூட்டத்தில் கோவிலடியில் கால்வைக்க இடம் கிடைக்காது. உப்பும் மிளகும் வாங்கிப் போட்டு, உடம்பில் உள்ள மருவும் தோல் நோயும் போக வேண்டும் என்று வேண்டிக்கொள்வார்கள். தீர்த்தத்தில் குளிப்பார்கள். இங்குள்ள தீர்த்தத்துக்குக் காந்தத் தீர்த்தம் என்று பெயர். மாக்னடைட் என்ற சொல்லைக் கேட்டறியாத காலத்தில் வைத்த பெயர், மலையின் இயல்பை நேராகச் சொல்கிறது.

வறண்ட இந்தப் பகுதியில் மலையடியில் நீர் ஊறுவதே பெரிய விஷயம். இங்குள்ள பாறை கெட்டியானது, உடம்பில் நீரைத் தேக்கி வைக்காது. நீர் தங்குவது வெடிப்புகளிலும், பல்லாயிரம் ஆண்டுகளாகச் சரிந்து மலையடியில் குவிந்த கல்லும் மண்ணும் கலந்த மேட்டிலும்தான். மேலே பெய்த மழை அந்த வெடிப்புகளின் வழியே மெல்ல இறங்கி, சரிவு தட்டையாகும் இடத்தில் வெளியே வருகிறது. நம் மலைக்கோவில்களில் பலவும் ஏன் சரியாக அந்தக் கோட்டில், மலை முடிந்து வயல் தொடங்கும் இடத்தில் அமைந்திருக்கின்றன என்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். துறவி தங்க நிழல் மட்டும் போதாது, கோடையிலும் குடிக்கத் தண்ணீர் வேண்டும்.

கோவிலின் கதை காலாங்கிநாதர் என்ற சித்தரைப் பற்றியது. மலைக்கு வந்த முதிய குருவுக்குச் சோறு பொங்கிய சீடன், கையில் அகப்பட்ட ஒரு மூலிகைக் குச்சியால் கிண்ட, சோறு கன்னங்கரேலென்று கறுத்துவிட்டதாம். குரு கோபிப்பாரே என்று பயந்து அந்தக் கறுத்த சோற்றைத் தானே தின்றுவிட்டானாம். தின்றவன் வாலிபனாகிவிட்டான். கதையைக் கேட்ட குருவும் பின்னர் இளமை பெற்றார் என்று முடிக்கிறார்கள்.

இந்தக் கதையில் என்னை விடாமல் பிடித்திருப்பது இளமை இல்லை, அந்தக் கறுப்பு. துவர்ப்பான பட்டை, இலை, காய் எல்லாவற்றிலும் டானின் என்ற பொருள் இருக்கிறது. கடுக்காயைக் கடித்தால் நாக்கைப் பிடிக்கிறதே, அந்தத் துவர்ப்புதான். டானின் இரும்பைச் சந்தித்தால் அந்த நொடியே கறுத்துவிடும். பழைய இரும்பு அரிவாளால் வாழைக்காய் அரிந்தால் விரல் கறுப்பது இதனால்தான். கலம்காரித் துணியில் கறுப்புக் கோடு போடுகிறவர்கள் துருப்பிடித்த இரும்பை வெல்ல நீரில் நாள் கணக்கில் ஊறப்போட்டு, அந்தச் சாற்றைக் கடுக்காய் தோய்த்த துணிமேல் தீற்றுவார்கள். மஞ்சளாக இருந்த துணியில் தூரிகை பட்ட இடமெல்லாம் கண்முன்னே கறுப்பாக மாறும். இரும்பு ஊறிய நீரும் துவர்ப்பு மிகுந்த செடிகளும் சேர்ந்திருக்கும் மலையில், யாரோ ஒருவர் உலைப்பானையில் ஒரு குச்சியைவிட்டுக் கிண்ட, சோறு கறுத்திருக்கக் கூடாதா? இது என் ஊகம்தான். ஆனால் மலையைக் கூர்ந்து பார்த்துப் பழகியவர்கள் சொல்லிவந்த கதை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

கோவிலைச் சுற்றியுள்ள கரடுகளில் மஞ்சள் மஞ்சளாகப் பூத்து நிற்கும் ஆவாரையையும், கேட்பாரற்று வளரும் எருக்கையும் பார்த்துக்கொண்டே நடக்கலாம். இரண்டுமே பொங்கல் காப்புக்கும் பிள்ளையார் மாலைக்கும் நமக்குத் தெரிந்த செடிகள். சேலம் வட்டாரத்து இரும்பு உருக்கிகளுக்கு அவை தொழிற்சாமான்.

ஆளுயரத்துக்கும் குறைந்த களிமண் உலை. அடியில் ஊதுகுழல், அதற்கு ஆட்டுத்தோல் துருத்தி. மரக்கரியும் ஓடையில் அள்ளிய கறுமணலும் மாற்றி மாற்றிக் கொட்டிப் பல மணி நேரம் துருத்தி மிதித்தால், கிட்டம் வழிந்தோட, பஞ்சுபோல் ஓட்டை விழுந்த இரும்புக் கட்டி ஒன்று அடியில் திரளும். அதை அடித்து இறுக்கினால் ஏர்க்கொழுவுக்கும் அரிவாளுக்கும் ஆகும். அதற்கு மேலே ஒரு படி உண்டு. அந்த இரும்பைச் சிறு துண்டுகளாக வெட்டி, களிமண் மூசையில் இட்டு, கூடவே காய்ந்த ஆவாரங்குச்சிகளை நறுக்கிப் போட்டு, மேலே எருக்கிலையோ வேறொரு கொடியின் இலையோ மூடி, வாயைக் களிமண்ணால் அடைத்துவிடுவார்கள். இருபது இருபத்துநான்கு மூசைகளை ஒரே உலையில் அடுக்கி, இரண்டு இரண்டரை மணி நேரம் ஊதினால் போதும். மூடிய மூசைக்குள் குச்சியும் இலையும் கரியாகி, அந்தக் கரி இரும்புக்குள் ஏறும். கரி ஏறிய இரும்பு குறைந்த சூட்டிலேயே உருகிவிடும். ஆறிய பிறகு மூசையை உடைத்தால் உள்ளே உள்ளங்கைக்குள் அடங்கும் எஃகுக் கட்டி. ஐரோப்பியர்கள் 'ஊட்ஸ்' என்று பெயரிட்டு வியந்த எஃகு இதுதான். மின்சார ஆராய்ச்சிக்குப் பேர்போன மைக்கேல் பாரடே 1819 வாக்கில் இந்த எஃகின் ரகசியத்தைத் தேடித்தான் உலோகக் கலவைகளை உருக்கிப் பார்க்கத் தொடங்கினார்.

இந்தச் செய்முறையை விரிவாக எழுதி வைத்தவர் ஜோசையா மார்ஷல் ஹீத். கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகத்தில் சேலம் பக்கம் இருந்தவர். மலையிலுள்ள இரும்பைக் கண்டு மயங்கி, உத்தியோகத்தை உதறி, 1830இல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கினார். சேலத்துத் தாது பரிசல்களில் ஏறிக் கொள்ளிடம் வழியே கடலோரம் போனது. அந்தப் பரிசல்களை நினைத்தால் எனக்கு மலைப்பாக இருக்கிறது. தோல் போர்த்திய மூங்கில் கூடையில், கஞ்சமலையும் அதன் அக்கம்பக்கத்து மலைகளும் மிதந்து போயிருக்கின்றன. ஆலை நிலைக்கவில்லை. மரக்கரிக்காகக் காடு காடாகத் தின்றது, நிலக்கரியில் வெந்த இங்கிலாந்து இரும்பின் விலைக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. ஹீத் இங்கிலாந்து திரும்பி, 1839இல் மாங்கனீசு சேர்த்து எஃகு உருக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். ஷெபீல்டு எஃகுத்தொழிலையே மாற்றிய கண்டுபிடிப்பு அது. பலன் மற்றவர்களுக்குப் போய்விட்டது. வழக்காடிக் கரைந்து 1851இல் இறந்தார். அதே இங்கிலாந்து இரும்பு சந்தைகளுக்கு வந்து சேர்ந்ததும், ஓடைக்கரை உலைகளும் ஒவ்வொன்றாக அணைந்தன. பழைய கிட்டத்துண்டுகள் மட்டும் வயல்களில் ஏர் படும்போது மேலே வரும்.

எவ்வளவு பழைய தொழில் என்று கேட்டால், இதே மாவட்டத்தில் மேட்டூர் அருகே தெலுங்கனூரில் ஒரு பெருங்கற்கால ஈமக்குழியில் கிடைத்த வாளைக் காட்டலாம். இருபுறமும் கூர் வைத்த அந்த வாள் கரி மிகுந்த எஃகால் ஆனது என்று 2020இல் வெளியான ஆய்வு காட்டியது. வயது மூவாயிரம் ஆண்டுக்கு மேல். கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் இரும்பின் காலம் கி.மு. 2172 வரை போகிறது என்று 2022இல் அறிவிக்கப்பட்டது. 2025 ஜனவரியில் வந்த அறிக்கை தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் இரும்பின் காலத்தை அதற்கும் ஆயிரம் ஆண்டு முன்னே தள்ளியிருக்கிறது.

எகிப்தின் கல்தூண்களைச் செதுக்கியதே இந்திய எஃகு உளிதான் என்று ஹீத் எழுதினார். அவருடைய ஆசை அப்படிப் பேச வைத்தது. எகிப்தியர்கள் கருங்கல் குண்டுகளால் இடித்தே அவற்றைச் செய்தார்கள் என்பது இன்று தெரிந்த விஷயம். எஃகு உளி கல்லை என்ன செய்யும் என்று பார்க்க எகிப்துக்குப் போக வேண்டாம். இளம்பிள்ளையிலிருந்து வடக்கே தாரமங்கலம் போனால் போதும். நேரமிருப்பவர்கள் வலத்தை அங்கே ஒருமுறை முறித்துக்கொள்வது நல்லது.

இந்த வட்டாரத்தை ஆண்ட கெட்டி முதலிகள் கட்டிய கைலாசநாதர் கோவில். இப்போது நாம் பார்க்கும் வேலைப்பாடு பெரும்பாலும் 16, 17ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தது. யானையும் குதிரையும் இழுக்கும் தேராகக் கோபுரத்தின் அடிப்பகுதி. ஒரே கல்லில் கோத்த சங்கிலி. யாளியின் வாய்க்குள் உருளும், வெளியே எடுக்க முடியாத கல்லுருண்டை. இராமன் மறைந்து நிற்கும் தூணிலிருந்து பார்த்தால் வாலி தெரிவான், வாலியின் தூணிலிருந்து பார்த்தால் இராமன் தெரியமாட்டான். உருண்டையை யாளியின் பல்லிடுக்கு வழியே உளியை நுழைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விடுவித்திருக்க முடியும். ஒவ்வொரு நாளும் மழுங்கிய உளிகளைக் காய்ச்சி, தட்டி, நீரில் தோய்த்துக் கூராக்கிக் கொடுக்கும் உலை ஒன்று பக்கத்திலேயே எரிந்திருக்க வேண்டும். சிற்பியின் பெயரோடு அந்த உலைக்காரனையும் நினைக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

கோவில் மேற்குப் பார்த்தது. மாசி மாதத்தில் மூன்று நாள் மாலைச் சூரியன் நேரே உள்ளே புகுந்து லிங்கத்தின்மேல் விழுவதாகக் கூட்டம் கூடும். பிப்ரவரி இருபது தேதிகளில் இங்கே சூரியன் நேர்மேற்கிலிருந்து தெற்கே பத்துப் பதினொரு டிகிரி தள்ளி மறைகிறது. தென்கோடிக்குப் போய்த் திரும்பும் சூரியன் அதே புள்ளியை வருடத்தில் இரண்டு முறை கடக்கும், திரும்பும்போது மாசியில், போகும்போது ஐப்பசித் தொடக்கத்தில். அப்படியானால் ஐப்பசியிலும் ஒளி உள்ளே விழ வேண்டும். ஐப்பசி, அடைமழைக்கான மாதம், மேற்கு வானம் தெளிவாகக் கிடைப்பது அரிது. அதனால்தான் மாசி மட்டும் பேர் வாங்கியது என்று எண்ணுகிறேன். ஐப்பசி முதல் வாரத்தில் வானம் வெளுத்திருக்கும் மாலை ஒன்றில் போய்ப் பார்க்க யாருக்காவது வாய்த்தால் நல்லது.

மறுபடி வலப்பாதைக்கு. சித்தர் கோவிலைத் தாண்டிக் கிழக்கே நடந்தால் மலைக்கு வடக்கே சேலம் இரும்பாலை. 1970 செப்டம்பரில் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். 1981இல் உற்பத்தி தொடங்கியது. மலையை நம்பிக் கேட்கப்பட்ட ஆலை, மலையின் தாதுவைத் தொடவில்லை. கஞ்சமலைக் கல்லில் இரும்பு மூன்றில் ஒரு பங்கை ஒட்டித்தான். ஒடிசாவிலும் பல்லாரியிலும் கிடைக்கும் தாது அறுபது விழுக்காட்டைத் தாண்டுகிறது. அதனால் எங்கிருந்தோ வந்த எஃகுச் சுருளை இங்கே மெல்லிய துருவேறா எஃகுத் தகடாக உருட்டினார்கள். நம் வீட்டு எவர்சில்வர் பாத்திரத்துக்கான தகடு. நாணயத்துக்கான வில்லைகளும் இங்கே வெட்டப்பட்டன. ஓடையில் இழுத்த அதே காந்தத்தை ஒரு ரூபாய் நாணயத்தின் பக்கத்தில் கொண்டுபோனால் ஒட்டும், பல எவர்சில்வர் தட்டுகளில் ஒட்டாது. இரண்டிலும் இரும்பும் குரோமியமும் இருக்கின்றன. தட்டில் கூடுதலாக நிக்கல் சேர்த்திருப்பார்கள். நிக்கல் சேர்ந்ததும் இரும்பணுக்கள் அடுக்கி நிற்கும் ஒழுங்கே மாறிவிடுகிறது, காந்தத்துக்கு இணங்கும் குணம் போய்விடுகிறது.

ஓடை மணலில் இரும்பு எடுத்து, அந்த இடத்திலேயே கோவிலும் வைத்து, இரண்டையும் சேர்த்தே நினைவில் வைத்திருக்கும் இன்னொரு நாடு ஜப்பான். அங்கே ஷிமானே பகுதியில் மலைகளை அரித்துக் கழுவி எடுத்த மாக்னடைட் மணலை, தத்தாரா எனப்படும் களிமண் உலையில் மரக்கரியோடு மூன்று பகல் மூன்று இரவு காய்ச்சினார்கள். ஒவ்வொரு முறையும் உலையை உடைத்துத்தான் எஃகை எடுக்க வேண்டும். உலைக்குக் காவல் கானயாகோ என்ற தெய்வம். வெள்ளைக் கொக்கின் மேலேறி வந்து ஒரு கட்சுரா மரத்தில் இறங்கி, இரும்பு உருக்கக் கற்றுக்கொடுத்தது என்பது அங்குள்ள கதை. யாசுகி நகரத்து மலையில் அதன் தலைமைக் கோவில் இருக்கிறது. சுகாயா என்ற ஊரில் 1751 முதல் 1921 வரை எரிந்த உலையின் கூடத்தை அப்படியே காத்து வைத்திருக்கிறார்கள். வாசலில் கட்சுரா மரமும் நிற்கிறது. கோவில், உலைக்கூடம், உருக்குபவர்களின் வீடுகள், மணல் கழுவிய வாய்க்கால் என்று நடந்தே பார்த்து வருகிறார்கள். 1977இல் வாள் செய்வதற்காகத் தத்தாரா உலையை மறுபடி மூட்டி, ஆண்டுதோறும் குளிர்காலத்தில் காய்ச்சுகிறார்கள். நம்மிடமும் அதே மணல், அதே கரி, அதே களிமண், சித்தரும் காந்தத் தீர்த்தமும் இருக்கின்றன. உலை ஒன்றுதான் குறை. கஞ்சமலையடியில் ஆண்டுக்கொரு முறையாவது ஒரு சிறு உலையை மூட்டி, ஆவாரங்குச்சி போட்டு எஃகு வார்த்துப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். செய்முறை எழுத்தில் இருக்கிறது, செலவும் பெரிதில்லை.

மலையின் கிழக்கு முனையைச் சுற்றித் தெற்குப் பக்கம் வந்தால் தேசிய நெடுஞ்சாலையின் இரைச்சலும் ஈரோட்டுக்குப் போகும் ரயிலின் சத்தமும் கேட்கும். கோவில் கூட்டம் இங்கே குறைவு. பாறையைப் பார்க்க வந்தவர்களுக்கு இந்தப் பக்கம்தான் முக்கியம்.

வடக்குச் சரிவில், சித்தர் கோவில் பக்கம், பாறை வரிகள் சாயும் திசையைக் கவனித்திருந்தால், அவை தெற்கு நோக்கி, மலைக்குள் இறங்குவதுபோல் சாய்ந்திருக்கும். தெற்குச் சரிவில் அதே கறுப்பு வெளுப்பு வரிகள் வடக்கு நோக்கி, மறுபடியும் மலைக்குள்ளேயே சாய்கின்றன. எந்தப் பக்கம் நின்றாலும் படுகைகள் மலையின் நடுவயிற்றை நோக்கித்தான் இறங்குகின்றன. 1860களில் புவியியலாளர்கள் வில்லியம் கிங்கும் ராபர்ட் புரூஸ் பூட்டும் இந்தப் பகுதியைக் கால்நடையாகச் சுற்றி அளந்தபோது கண்ட சங்கதி இது. பல்லாவரத்தில் 1863இல் கற்கோடரி கண்டெடுத்து இந்தியாவின் பழங்கற்கால வரலாற்றைத் தொடங்கி வைத்தாரே, அதே பூட்தான். தமிழறிஞர் பீட்டர் பெர்சிவலின் மருமகன். கடைசிக் காலத்தை ஏற்காட்டில் கழித்தார். சேர்வராயன் மலையிலுள்ள அந்த ஊரில்தான் அவருடைய நினைவிடம் இருக்கிறது.

வடக்கே தெற்குப் பார்த்து இறங்கும் படுகையும் தெற்கே வடக்குப் பார்த்து இறங்கும் படுகையும் வெவ்வேறு இல்லை. சேலையில் கட்டிய தூளியை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் மேலே தெரியும் கரை ஒரே சேலையின் கரைதான், நடுவில் தொய்ந்து கீழே போய் மறுபக்கம் ஏறுகிறது. கஞ்சமலையின் இரும்பும் அப்படித்தான் தொய்ந்து, மலைக்கு அடியில் போய், எதிர்ச்சரிவில் வெளியே வருகிறது. கிழக்கு மேற்கு முனைகளிலும் மடிப்பு மேலெழுவதால், ஒரே படுகையின் விளிம்பு மலையைச் சுற்றி வளையமாகத் தெரிகிறது. கிரிவலம் வருகிறவர்கள் அந்த வளையத்தை ஒட்டியே நடந்து புறப்பட்ட இடத்துக்குத் திரும்புகிறார்கள்.

தொய்ந்த பள்ளமாக மடிந்த பாறை எப்படி மலையாக நிற்கிறது? மடிந்த காலத்தில் இது மலையே இல்லை. இதோடு கிடக்கும் கரும்பாறைகளில் சிவப்புப் புள்ளிகளாகக் கார்னெட் மணிகள் இருக்கும். நவரத்தினத்தில் கோமேதகம் இந்தக் குடும்பத்துக் கல். அந்த மணிகளும் அவற்றோடு சேர்ந்த தாதுக்களும் எவ்வளவு அழுத்தத்தில், எவ்வளவு சூட்டில் விளைந்தவை என்று கணக்கிட முடியும். கணக்கிட்டவர்கள் சொல்வது: ஏறக்குறைய 250 கோடி ஆண்டுகளுக்கு முன், நாற்பது கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், 800 டிகிரி சூட்டில். கடலடியில் படிந்த துரு, கண்டங்கள் முட்டி நெரிந்தபோது அவ்வளவு ஆழத்துக்கு இழுக்கப்பட்டு, வெந்து, பாகாக இளகி மடிந்தது. மேலே இருந்த நாற்பது கிலோமீட்டர்ப் பாறையும் பிறகு மழையிலும் காற்றிலும் அரைபட்டுப் போனது. சுற்றியிருந்த பாறை சீக்கிரம் கரைந்து இளம்பிள்ளையின் வயல்களாயிற்று. குவார்ட்ஸும் மாக்னடைட்டும் பிணைந்த வரிப்பாறை கரைய மறுத்து எஞ்சி நிற்கிறது. மலை எழவில்லை, சமவெளிதான் இறங்கியது.

மலையில் தாது வெட்ட வேண்டும் என்ற பேச்சு அவ்வப்போது எழுவதும், அடிவாரத்துக்காரர்கள் எதிர்ப்பதும் நடந்திருக்கின்றன. வெட்டினால் கிடைப்பது மூன்றில் ஒரு பங்கு இரும்பு. போவது ஊற்றும், ஓடையும், இந்த முழு வளையமும். திருவக்கரையிலும் சாத்தனூரிலும் கல்லாய்ச் சமைந்த மரங்களைத் தேசியப் புவியியல் சின்னமாக அறிவித்து வேலியிட்டுக் காக்கிறார்கள். கஞ்சமலைக்கும் அந்த மதிப்பு வர வேண்டும். சித்தர் கோவில் வாசலிலும் தெற்குச் சரிவில் ஓரிடத்திலும், வரிகள் எந்தப் பக்கம் சாய்கின்றன என்று அம்புக்குறி போட்ட பலகை ஒன்று வைத்தால்கூடப் போதும், பௌர்ணமிக்கு வரும் ஆயிரக்கணக்கானவர்கள் தாங்களே ஒப்பிட்டுப் புரிந்துகொள்வார்கள்.

பௌர்ணமி இரவில் நடப்பவர்களுக்குப் பாறை தெரியாது. வரிகளைப் பார்க்க வேண்டுமென்றால் தை, மாசி மாதத்தில் விடிந்ததும் இளம்பிள்ளையிலிருந்து கிளம்புவது நல்லது. புல் காய்ந்து பாறை தெளிவாகத் தெரியும், ஆவாரையும் பூத்திருக்கும். திசைகாட்டியை நம்ப வேண்டாம். இந்தப் பாறைக்குப் பக்கத்தில் வைத்தால் முள் வடக்கை மறந்து கல்லைப் பார்த்துத் திரும்பிவிடும். அதிலும் சில மாக்னடைட் கற்கள் தாமே காந்தமாகிக் குண்டூசியை இழுக்கும். மலையுச்சியில் இறங்கும் மின்னல் கல்லின் வழியே பாயும்போது அந்தக் காந்தம் ஏறுகிறது என்பது இன்றைய விளக்கம். ஒரு குண்டூசியைச் சட்டையில் குத்திக்கொண்டு கரியபெருமாள் கோவில் வரை ஏறினால், வழியிலுள்ள பாறைகளில் சோதித்துக்கொண்டே போகலாம்.